குடும்பத்தோடு குகை வீட்டில் ஒரு வாரம்: கிரனாடா கிராமங்களில் வாடகைக்கு எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியா. அதில் கிரனாடா மாகாணத்தின் கிழக்குப் பக்கம், சியரா நெவாடா மலைத்தொடருக்குப் பின்னால், வறண்ட மேட்டுநிலம் ஒன்று விரிந்து கிடக்கிறது. அங்குள்ள குன்றுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் மண்ணுக்கு மேலே வெள்ளைப் புகைபோக்கிகள் மட்டும் நிற்பது தெரியும். கிட்டே போனால் குன்றின் அடியில் சுண்ணாம்பு அடித்த முகப்பு, ஒரு கதவு, நாலைந்து பூந்தொட்டிகள். கதவைத் தாண்டினால் குன்றைக் குடைந்து எடுத்த முழு வீடு. குவாதிக்ஸ் என்ற ஊரில் மட்டும் இப்படிச் சுமார் 2,000 குகை வீடுகள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் இன்றும் சாதாரணமாகக் குடியிருக்கிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் நிறைய குகை வீடுகளைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் இவற்றுக்கு ‘காசா குவேவா’ என்று பெயர்.

குழந்தைகள், தாத்தா பாட்டி என எல்லோரையும் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு வாரம் இருந்துவிட்டு வர, ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் குகை வீட்டில் காற்று, வெளிச்சம், ஈரம், சூடு எல்லாமே வேறு கணக்கு. விளம்பரப் படங்களில் நீச்சல் குளமும் வெள்ளை முகப்பும்தான் தெரியும்; இவை தெரியாது. பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில், குகைக்குள் என்ன நடக்கிறது

பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி ஆறுகள் கடலுக்குப் போக வழியில்லாமல் வந்து தேங்கிய ஒரு பெரிய படுகை. ஏரியின் அடியில் படிந்த களிமண்ணும் வண்டலும்தான் இப்போதைய குன்றுகள். பின்னால் குவாதல்கிவிர் ஆற்றோடு இணைப்பு ஏற்பட்டு நீர் வடிந்தபோது, அது நிலத்தை அரித்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியது. இந்த மண்ணைக் கோடரியால் வெட்டலாம். வெட்டிய பிறகு தானே நிற்கும். மழையும் குறைவு. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்ததால்தான் இங்கே குகை வீடு சாத்தியமானது.

1489இல் குவாதிக்ஸ் முஸ்லிம் ஆட்சியிலிருந்து கத்தோலிக்க மன்னர்கள் கைக்குப் போனது. அதன் பிறகு ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், அவர்களுக்குப் பின் வந்த ஏழை உழவர்களும் இந்தக் குன்றுகளைக் குடைந்து குடியேறினார்கள். குழந்தை பிறந்தால் இன்னொரு அறை குடைந்துகொள்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேலை தேடிப் பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் பலர் போய்விட, ஏராளமான குகைகள் பூட்டிக் கிடந்தன. இன்று வாடகைக்குக் கிடைப்பவற்றில் கணிசமானவை அப்படிக் கைவிடப்பட்டு மீண்டும் செப்பனிடப்பட்டவைதான்.

சில மீட்டர் மண்ணுக்குள் போய்விட்டால் வெளியே வெயிலோ பனியோ, வெப்பம் பெரிதாக மாறாது. ஆள் புழங்கும் குகை வீட்டில் ஆண்டு முழுக்க 18 முதல் 20 டிகிரி இருக்கும். ஜூலையில் வெளியே 38 டிகிரி அடிக்கும்போது உள்ளே போர்வை தேடுவீர்கள். ஏசி தேவையே இல்லை. இதுதான் குகையின் பெரிய வரம். ஆனால் ‘ஆள் புழங்கும்’ என்பதைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்த குகை சில்லென்று இருக்கும். அடுப்பு மூட்டினாலும் சுவர் சூடேற ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை போவதாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முந்தைய நாளே அடுப்பை மூட்டி வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வீட்டுக்காரர் நீங்கள் கேட்காமலே செய்வார்.

படி 1: இது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருமா

பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவரும். சிலருக்கு ஒத்துவராது, அதைப் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுவது போல் உணர்பவர் யாராவது இருந்தால், உள்ளறையில் அவர்களால் தூங்க முடியாது. சன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தால் கையை முகத்துக்கு முன் நீட்டினாலும் தெரியாத இருட்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் ஈரம் பற்றி மிகக் கவனமாகக் கேட்டே எடுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு, குன்றின் மேலடுக்கில் இருக்கும் வீடுகள் சிரமம். சரிவுப் பாதையும் படிகளும் கட்டாயம் இருக்கும். வீட்டுக்குள்ளும் அறைக்கு அறை தரைமட்டம் மாறும், வாசல்கள் தாழ்வாக இருக்கும்.

மறுபக்கம், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது ஒரு கொடை. இருட்டும் நிசப்தமும் சேர்ந்து குழந்தைகள் மணிக்கணக்கில் தூங்குவார்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் முதல் இரவு பயப்படலாம். சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். ஆளுக்கொரு டார்ச்சும் வேண்டும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு 800, 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கு ஸ்பெயின் என்றால் எப்போதும் வெயில் என்று நினைத்து மெல்லிய உடைகளோடு ஜனவரியில் போகக் கூடாது. இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கும்.

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் நடு முதல் அக்டோபர் வரை மிக நல்ல காலம். பகலில் நடக்கலாம், மாலையில் முற்றத்தில் உட்காரலாம். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பாதாம் மரங்கள் பூத்து, பின்னால் சியரா நெவாடாவின் பனியும் தெரியும். குளிரைத் தாங்குவீர்கள் என்றால் அழகுக்கு அதுதான் உச்சம். பள்ளி விடுமுறை காரணமாக ஜூலை, ஆகஸ்டில்தான் முடியும் என்றாலும் தயங்க வேண்டாம். பகல் 12 முதல் 7 வரை குகைக்குள் இருந்துவிட்டு, காலையிலும் இரவிலும் வெளியே வந்தால் போதும். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் ஆகஸ்டும் வாடகை ஏறும், இடமும் சீக்கிரம் தீரும். இன்னொன்று: செப்டம்பர் 6ஆம் தேதி பாஸாவிலும் 9ஆம் தேதி குவாதிக்ஸிலும் ‘கஸ்கமோராஸ்’ திருவிழா. ஆயிரக்கணக்கானவர்கள் உடம்பு முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு தெருவில் ஓடுவார்கள். பார்க்க விரும்பினால் பழைய துணியோடு போங்கள். அமைதிதான் வேண்டும் என்றால் அந்த நாள்களில் இந்த இரண்டு ஊர்களுக்குள்ளும் தங்காதீர்கள்.

படி 3: எந்த ஊர்

குவாதிக்ஸ் ஓர் ஊராகவே இயங்குகிறது. கடைகள், மருத்துவமனை வசதி, ரயில் நிலையம், பேராலயம் எல்லாம் உண்டு. கிரனாடாவிலிருந்து ஏ-92 சாலையில் சுமார் 55 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முதல் தடவை போகிறவர்களுக்கும், மருந்து மாத்திரையோடு இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் இதுதான் என் பரிந்துரை. பக்கத்து ஊரான புருயேனாவிலும் குகைகள் நிறைய. மண்பாண்டக் கடைகளும் சாலையோரம் இருக்கும்.

கொராஃபே சின்னக் கிராமம். ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது, சுற்றிலும் பாலைநிலம். சத்தம் என்று ஒன்று கிடையாது. கடையும் பெரிதாகக் கிடையாது.

இன்னும் கிழக்கே போனால் பாஸா, அதற்கு அப்பால் கலேரா, ஓர்ஸே, உவேஸ்கர், கஸ்தில்யேஹர். கிரனாடாவிலிருந்து கலேராவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகள் குறைவு, வாடகையும் பொதுவாகக் குறைவு, வானத்தில் நட்சத்திரங்கள் அதிகம். உண்மையான கிராம விடுமுறை வேண்டும் என்றால் நான் கலேராவைத்தான் சொல்வேன். ஊர் மிகச் சிறியது; மாலையானால் கிழவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்; நீங்கள் வணக்கம் சொன்னால் பதில் சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பெயரைக் கேட்பார்கள்.

எந்த விமான நிலையம் என்பது ஊரைப் பொறுத்தது. குவாதிக்ஸுக்கு மலாகாவிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம், அல்மேரியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கலேரா பக்கம் போகிறவர்களுக்கு அலிகாந்தேயும் வசதி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்.

படி 4: வீட்டைச் சல்லடை போட்டுத் தேடுங்கள்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மற்ற எல்லாவற்றையும் சுமாராகச் செய்தாலும் சமாளிக்கலாம். வீடு சரியில்லை என்றால் ஒரு வாரமும் போய்விடும்.

முதல் கேள்வி: தனி வீடா, குடியிருப்பா? ‘குகை வீடு’ என்று விளம்பரம் செய்பவற்றில் பல, ஒரே குன்றில் பத்துப் பதினைந்து குகைகளை வரிசையாகச் சேர்த்து, நடுவில் வரவேற்பறையும் பொதுக் குளமும் வைத்த தங்குமிடங்கள். அவற்றில் தவறு ஒன்றும் இல்லை; அவசரத்துக்கு ஆள் இருப்பார்கள். ஆனால் ஆகஸ்டில் பொதுக் குளத்தருகே அமைதியை எதிர்பார்க்க முடியாது. அமைதி வேண்டுமானால் முழு வீட்டையும் தனியாகத் தரும் இடமாகத் தேடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஒரு குகையில் முகப்பை ஒட்டிய அறைகளுக்கு மட்டுமே சன்னல் இருக்கும். கூடமும் சமையலறையும் முன்பக்கம், படுக்கையறைகள் உள்ளே என்பது நல்ல அமைப்பு. சமையலறை உள்ளே போய்விட்ட வீடு நமக்குச் சரிப்படாது. நாம் தாளிக்கிறவர்கள், குக்கர் வைக்கிறவர்கள். அந்தப் புகையும் ஆவியும் வெளியே போக வழி வேண்டும். எந்த அறைக்குச் சன்னல் உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு தரைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். கையால் வரைந்து அனுப்பினாலும் போதும்.

காற்று. பழைய குகைகளில் உள்ளறைகளிலிருந்து குன்றின் உச்சிக்குக் காற்றுக் குழாய் போகும். வெளியே தெரியும் வெள்ளைப் புகைபோக்கிகளில் சில உண்மையில் காற்றுப்போக்கிகள். செப்பனிடும்போது இவற்றை அடைத்துவிட்ட வீடும் உண்டு. குளியலறைக் காற்று எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டாலே வீட்டின் நிலை தெரிந்துவிடும்.

ஈரம். மண் மூச்சுவிட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும்; பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் பின்னால் தேங்கி, பூச்சு கொப்பளித்து உதிரும். பூஞ்சை வாடையும் வரும். படங்களைப் பெரிதாக்கிச் சுவரின் அடிப்பகுதியையும் மூலைகளையும் பாருங்கள். தங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் ‘ஈரம்’, ‘வாடை’, ‘குளிர்’ என்ற மூன்று சொற்களையும் தேடுங்கள். குறிப்பாகக் குளிர்காலத்தில் தங்கியவர்கள் எழுதியதை. ஸ்பானிய மொழிக் கருத்துகளை மொழிபெயர்த்துப் படிப்பது முக்கியம். உள்ளூர்க்காரர்களுக்குக் குகை புதிதல்ல, அதனால் குறையைச் சரியாகக் கண்டு சொல்வார்கள்.

சூடு எதிலிருந்து வருகிறது? விறகு அடுப்பு, மரத்தூள் உருண்டை எரிக்கும் பெல்லட் அடுப்பு, மின்சார ரேடியேட்டர், தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் என்று பல வகை. விறகுக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். எது எரிந்தாலும் அங்கே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். மூடிய குகைக்குள் இந்த வாயு சேர்ந்தால் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கருவி இல்லை என்றால் பேட்டரியில் ஓடும் சிறு கருவி ஒன்றை நீங்களே வாங்கிப் போங்கள். அதிக விலை இல்லை. புகை எச்சரிக்கைக் கருவி பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் பல குகைகளுக்கு ஒரே வாசல்தான்.

பிள்ளைகளுக்காக இரண்டு கேள்விகள். குளத்தைச் சுற்றி வேலி உண்டா? முற்றத்துக்குப் பக்கத்தில் பள்ளம் உண்டா? குன்றுச் சரிவில் வீட்டின் கூரை என்பதே மேல்பாதையாக இருக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு.

வைஃபை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் தடிமனான மண்சுவரைத் தாண்டி அலைகள் போகாது. உள்ளே கைபேசி பேசாது, கூடத்தில் இருக்கும் வைஃபை படுக்கையறைக்கு வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விடுமுறையிலும் அலுவலக அழைப்பு வரும் என்றால், எந்த அறையில் இணைப்பு கிடைக்கும் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இத்தனையையும் ஒரே கடிதமாக, எளிய ஸ்பானிய மொழியில் மொழிபெயர்த்து அனுப்புங்கள். பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுங்கள். ‘எல்லாம் இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் முடிப்பவரை விட்டுவிடுங்கள்.

படி 5: பதிவு எண்ணும் பணமும்

அந்தலூசியாவில் சுற்றுலாத் தங்குமிடங்கள் மாநிலச் சுற்றுலாப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் விளம்பரத்தில் இருக்கும். கிரனாடா மாகாண வீடு என்றால் நடுவில் ‘ஜிஆர்’ என்ற எழுத்துகள் வரும். எண் இல்லாத வீட்டை எடுக்காதீர்கள். விலை குறைவு என்பதற்காக முன்பதிவு இணையதளத்துக்கு வெளியே முன்பணம் அனுப்பவும் வேண்டாம்.

மொத்தத் தொகையில் சுத்தம் செய்யும் கட்டணமும் வைப்புத்தொகையும் சேர்ந்திருக்கின்றனவா, குறைந்தபட்சம் எத்தனை இரவு தங்க வேண்டும் என்று பாருங்கள். ரத்து விதியையும் படியுங்கள். விசாவுக்குக் காத்திருப்பவர்கள் கடைசி வரை ரத்து செய்யக்கூடிய பதிவைத்தான் எடுக்க வேண்டும்.

வந்ததும் வீட்டுக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட் விவரத்தையும் முகவரியையும் கேட்பார். பயப்பட வேண்டியதில்லை, அது அங்குள்ள சட்டம். 2024 டிசம்பர் 2 முதல் கேட்கும் விவரங்கள் கூடியிருக்கின்றன. பிள்ளைகள் உங்களுக்கு என்ன உறவு என்றும் எழுத வேண்டும்.

படி 6: விசா, கார்

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். ஆனால் கோடை விடுமுறைக்கு அவ்வளவு தாமதித்தால் நேரம் கிடைக்காது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். லண்டன், பாரிஸ், ஓஸ்லோ என்று ஐரோப்பாவில் இருக்கும் உறவினர்கள் சேர்ந்து வருவதாக இருந்தால், குகை வீட்டின் முன்பதிவில் எல்லோர் பெயரும் இருக்கட்டும். விசா விண்ணப்பத்துக்கு அது உதவும்.

கார் இல்லாமல் இந்தக் கிராமங்களில் குடும்பத்தோடு இருப்பது மிகக் கடினம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாகனம் வலப்பக்கம் ஓடும். கியர் மாற்றும் வண்டிகள்தான் அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் குழந்தை இருக்கையில், பின்சீட்டில்தான் உட்கார வேண்டும்.

குகை வீட்டுக்குத் தெரு எண் இருந்தாலும் வரைபடம் தவறான குன்றுக்குக் கொண்டுபோகும். வாசலின் சரியான இடக்குறியை வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி அரைக் கிலோமீட்டர் மண்பாதையாக இருக்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

படி 7: சமையல்

நம் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய கவலை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். அங்குள்ள சிற்றூர்களில் மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பதுக்கு மேல்தான். அது வரை பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். சைவம் என்று சொன்னால் சாலட்டில் டூனா மீன் இருக்கும், காய்கறிக் குழம்பில் பன்றியிறைச்சித் துண்டு இருக்கும். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் ஆதூன்’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: இறைச்சி வேண்டாம், பன்றித் தொடைக்கறி வேண்டாம், டூனா வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ‘தோர்த்தியா’ என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும்.

ஆக, வீட்டில் சமைப்பதே நல்லது. குவாதிக்ஸிலும் பாஸாவிலும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் உண்டு. கொண்டைக்கடலை, பயறு வகைகள், அரிசி, தயிர், தக்காளி, கத்தரிக்காய், பூண்டு எல்லாம் தரமாகக் கிடைக்கும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், துவரம்பருப்பு கிடைப்பது அரிது. பொடி வகைகளும் புளியும் பெருங்காயமும் கடுகும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, இறைச்சி கலந்த பொருள் எதையும் பெட்டியில் போடாதீர்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். குழந்தைக்கான பால்மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு.

அடுப்பு என்ன வகை என்று முன்பே கேளுங்கள். சில வீடுகளில் பியூட்டேன் சிலிண்டர், பலவற்றில் கண்ணாடித் தட்டு மின் அடுப்பு. இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. அடி தட்டையான எவர்சில்வர் குக்கர் வேண்டும். மின்சாரம் 230 வோல்ட் என்பதால் நம் மிக்ஸி ஓடும், ஆனால் பிளக் பொருந்தாது, அடாப்டர் தேவை. அங்கே வீட்டுக்கு வீடு மின் அளவுக்கு உச்சவரம்பு உண்டு. ஓவன், ரேடியேட்டர், கெட்டில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மெயின் விழுந்துவிடும். மெயின் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். உள்ளறை இருட்டில் அதைத் தேடுவது சிரமம்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மற்ற நாள்களிலும் கிராமத்துக் கடைகள் மதியம் 2 முதல் 5 வரை அடைத்துவிடுவார்கள். சனிக்கிழமை போய்ச் சேர்கிறீர்கள் என்றால் வழியிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

படி 8: வீட்டுக்குள் முதல் நாள்

பெட்டியை இறக்குவதற்கு முன் எல்லா அறைக்கும் ஒரு சுற்றுப் போங்கள். எச்சரிக்கைக் கருவிகளின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சிலிண்டரை எப்படி மாற்றுவது என்று வீட்டுக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் படி இருந்தால் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பகலிலேயே நடத்திக் காட்டுங்கள்.

கோடையில் பகல் முழுக்கக் கதவைச் சாத்தி வையுங்கள், இரவிலும் விடிகாலையிலும் திறந்துவிடுங்கள். சூடான காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் பட்டால் ஈரம் பூக்கும். ஈரத் துணியை உள்ளே காயப்போடக் கூடாது என்பதும் அதனால்தான். வெளியே வறண்ட காற்று. கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சமைக்கும்போது முகப்புக் கதவைத் திறந்து, துணித் திரையை மட்டும் இழுத்துவிடுங்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். காற்று வரும், ஈ வராது.

குன்றின் மேலே ஏறி விளையாடப் பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும். நீங்கள் நிற்கும் மண் பக்கத்து வீட்டின் கூரை. அங்கே ஓடினால் கீழே இருப்பவருக்குக் கேட்கும், களிமண் சரியவும் கூடும், புகைபோக்கிகள் ஆள் விழும் அளவுக்குத் திறந்திருக்கலாம். மழை பெய்த மறுநாள் சரிவுகளின் பக்கமே போக வேண்டாம். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மதியம் 2 முதல் 5 வரை ஊர் ஓய்வெடுக்கும் நேரம். அப்போது வெளியே சத்தமும் வேண்டாம். அண்டை வீடுகளின் வாசலைக் கேட்காமல் படம் எடுப்பதும் சரியல்ல.

படி 9: எங்கே போகலாம்

ஒரு நாள் வெளியே, ஒரு நாள் வீடு என்று வைத்துக்கொண்டால் யாரும் களைக்க மாட்டார்கள். தினமும் ஓர் ஊர் என்று ஓடினால் குகை வீடு எடுத்ததற்கே அர்த்தம் இல்லை.

குவாதிக்ஸின் குகைப் பகுதிக்கு ஒரு மாலை போங்கள். பாத்ரே போவேதா சதுக்கத்தில் ஒரு குகையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பழைய நாள்களில் ஆளும் கால்நடையும் எப்படி ஒரே குகையில் இருந்தார்கள் என்று பார்க்கலாம். அருகிலேயே குன்றைக் குடைந்த தேவாலயமும் இருக்கிறது. சூரியன் இறங்கும்போது மேலே உள்ள காட்சிமேட்டில் நின்றால், புகைபோக்கிகள் எல்லாம் ஒரு பக்கம், பனி மூடிய சியரா நெவாடா மறுபக்கம்.

கொராஃபேயைச் சுற்றிய கோர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 240க்கும் குறையாத கல்திட்டைகள் பதிவாகியிருக்கின்றன. புதிய கற்காலத்தில் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் இறந்தவர்களைப் புதைத்த இடம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் கல்திட்டைகளைப் பார்த்த பிள்ளைகள், அதே மாதிரி நிறுத்திய பலகைக் கற்களையும் மேலே மூடிய கல்லையும் இங்கே கண்டால் விடாமல் கேள்வி கேட்பார்கள். ஊரிலுள்ள விளக்க மையத்தைப் பார்த்துவிட்டு நடந்தால் இன்னும் நன்றாகப் புரியும். நிழல் இல்லாத இடம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

ஓர்ஸே பக்கம் கிடைத்த ஒரு குழந்தையின் பால்பல் சுமார் 14 லட்சம் ஆண்டு பழமையானது. மேற்கு ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய மனித எச்சங்களில் அதுவும் ஒன்று. அந்த ஊரின் அருங்காட்சியகத்தில் யானை, நீர்யானை எலும்புகளையும் வைத்திருக்கிறார்கள். கலேராவில் வெண்கலக் கால ஊரான காஸ்தெயோன் ஆல்தோவும், ரோமானியர்களுக்கு முன் அங்கே வாழ்ந்த ஐபீரியர்களின் துதுகி இடுகாடும் இருக்கின்றன. இந்தப் பகுதி முழுவதையும் 2020இல் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவாக அறிவித்திருக்கிறது.

நெக்ராத்தின் நீர்த்தேக்கம் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கும். அதன் கரையில், ஹபல்கோன் மலையடியில், சூஹர் வெந்நீர்க் குளம் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களை இங்கே விட்டுவிட்டால் எழுந்து வர மனம் வராது. உவேஸ்கருக்குப் போனால் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்: 1809இல் நெப்போலியன் போர்க்காலத்தில் அந்தச் சிற்றூர் டென்மார்க் மீது போர் அறிவித்தது. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1981 நவம்பர் 11 அன்றுதான் முறைப்படி சமாதானம் கையெழுத்தானது. நடுவில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

கிரனாடா நகரிலுள்ள அல்ஹாம்ப்ரா கோட்டை அரண்மனையைப் பார்க்காமல் வர முடியாது; அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், பெயர் போட்டுத்தான் தருவார்கள், அதற்குள் இருக்கும் நாஸ்ரித் அரண்மனைக்கு நுழையும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் உட்பட எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வீட்டை உறுதிசெய்த அன்றே இந்தச் சீட்டையும் வாங்கிவிடுவது நல்லது.

அவசரம் என்றால் அழைக்க வேண்டிய எண் 112. குகைக்குள் கைபேசி எடுக்காது என்பதால், அழைக்க முற்றத்துக்கு வர வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

படி 10: கிளம்பும் நாள்

வீட்டைக் காலி செய்யும் நேரம் பொதுவாக 11 அல்லது 12 மணி. சாம்பலை முழுக்க ஆறிய பிறகே அள்ளுங்கள், சூடாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். சிலிண்டரை மூடுங்கள், குளியலறைக் கதவையும் உள்ளறைக் கதவுகளையும் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். குப்பையைத் தெருமுனைத் தொட்டிகளில் வகை பிரித்துப் போட வேண்டும். எதையாவது உடைத்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வைப்புத்தொகை விஷயத்தில் அது சிக்கலைக் குறைக்கும். அப்புறம், கருத்து எழுதும்போது குளத்தைப் பற்றி எழுதுவதை விட, எந்த மாதம் தங்கினீர்கள், உள்ளறை எத்தனை டிகிரி இருந்தது, ஈர வாடை இருந்ததா, சமையலறைக்குச் சன்னல் உண்டா, கடைசிப் பாதையில் வண்டி ஏறியதா என்று எழுதுங்கள். அடுத்து வரும் குடும்பம் தேடப்போவது அதைத்தான்.